கைடு வைத்தா, ஃப்ரீஹேண்டாகவா? இரண்டு நோயாளிகள், ஒரே குழப்பம்

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். பல் மருத்துவராகச் சொந்தமாக பிராக்டிஸ் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. இதுவரை 31 இம்பிளாண்ட் (பல் இல்லாத இடத்தில் எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்திருக்கிறேன். எல்லாமே ஃப்ரீஹேண்ட், அதாவது கைடு (டிரிலின் திசையைக் கட்டுப்படுத்தப் பற்களின் மேல் பொருத்தும் அச்சு) இல்லாமல் வெறும் கையால். அடுத்த மாதம் இரண்டு பேருக்கு வைக்க வேண்டும். இருவருக்கும் எந்த முறை சரி என்று இரண்டு வாரமாக யோசித்து, ஒரு முடிவுக்கும் வர முடியாமல் இங்கே கேட்கிறேன்.

முதல் நோயாளிக்கு 54 வயது. கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் (பல் எண் 36) எட்டு வருடத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. அதற்குள் பின்னாலிருக்கும் 37 முன்பக்கம் சாய்ந்துவிட்டது. சிபிசிடியில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) நரம்புக் கால்வாயின் கூரை வரை 13 மி.மீ. உயரம் இருக்கிறது. மேல் விளிம்பில் எலும்பின் அகலம் 7.5 மி.மீ. கீழே போகப் போக நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்குகிறது. 4.5 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளம் என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது நோயாளிக்கு 29 வயது. மேல் இடது பக்கவாட்டு வெட்டுப்பல் (22). சிரித்தால் ஈறு தெரியும் வாய். 21க்கும் 23க்கும் நடுவே 6.5 மி.மீ. இடம். எலும்பின் அகலம் 6 மி.மீ. வேர்முனை இருக்கும் உயரத்தில் உதட்டுப் பக்கம் ஒரு பள்ளம். இவருக்கு 3.3 மி.மீ. இம்பிளாண்ட் யோசித்திருக்கிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர், "கையில் உணர்வு வராமல் கைடை நம்பாதே" என்பார். கருத்தரங்குக்குப் போனால், கைடு இல்லாமல் வைப்பதே தவறு என்பதுபோல் பேசுகிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு உதவவில்லை.

என்னை இவ்வளவு யோசிக்க வைப்பது என்னுடைய 19ஆவது கேஸ். மேல் வலது இரண்டாம் முன்கடைவாய்ப் பல் (15). பல் எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, பழைய குழியின் பக்கம் எலும்பு இன்னும் இறுகவில்லை. கை நேராக இருப்பதாகத்தான் நினைத்தேன். டிரில் மென்மையான பக்கமாக நழுவிப் போனதை நான் உணரவே இல்லை. இம்பிளாண்டை இறக்கிய பிறகு ஆர்விஜி (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) எடுத்தால், முனை 14இன் வேரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நடுவே 1 மி.மீ. கூட இல்லை. வேருக்கு ஒன்றும் ஆகவில்லை, எலும்பும் நன்றாகவே பிடித்தது. ஆனால் கிரவுன் (இம்பிளாண்ட் மேல் பொருத்தும் பல்) கோணலாக அமைந்து, அந்த இடுக்கில் சாப்பாடு மாட்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் சுத்தம் செய்ய வரும்போதெல்லாம் அந்த எக்ஸ்ரே என் கண் முன்னால் வரும்.

அதனால்தான் கேட்கிறேன். இந்த இருவருக்கும் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள், எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

பதில் 1

22 வருடமாக இம்பிளாண்ட் வைக்கிறேன். முதல் பத்து வருடம் கைடைத் தொட்டதில்லை. இப்போது பாதிக்குப் பாதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் 15இல் நடந்தது கை நடுங்கியதால் நடந்தது அல்ல. டிரில் எப்போதும் எதிர்ப்பு குறைந்த பக்கமாகத்தான் போகும். மேல் முன்பற்களில் அண்ணப் பக்கச் சுவர் கெட்டியாக இருக்கும், டிரிலை உதட்டுப் பக்கம் தள்ளிவிடும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் கையை எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பார்கள். ஆனால் எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. கைடின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான். எலும்பு தள்ளினாலும் ஸ்லீவ் (கைடில் டிரில் நுழையும் குழாய்) டிரிலை விடாது.

விடாது என்று சொன்னாலும் முழுதாக அப்படி இல்லை. டிரிலுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருந்தே தீரும், இல்லாவிட்டால் டிரில் சுற்றாது. நிலையான கைடுகளின் துல்லியம் பற்றி 2018இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், நுழையும் இடத்தில் சராசரி விலகல் 1.2 மி.மீ., முனையில் 1.4 மி.மீ., கோணத்தில் 3.5 பாகை. பல் இருக்கும் வாயில் இது குறைவு, பல்லே இல்லாத வாயில் அதிகம். இதெல்லாம் சராசரி என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் கைடு இருந்தாலும் நரம்புக்கு மேலே 2 மி.மீ. விடச் சொல்கிறார்கள்.

இதை உங்கள் இரண்டு பேர் மேலும் பொருத்திப் பார்ப்போம்.

22இல் இடம் 6.5, இம்பிளாண்ட் 3.3. மீதி 3.2, பக்கத்துக்கு 1.6. பக்கத்துப் பல்லுக்கு 1.5 மி.மீ. விட வேண்டும் என்றால் உங்களிடம் மிச்சம் இருப்பது 0.1 மி.மீ. கைடின் சராசரிப் பிழையைவிட உங்கள் கையிருப்பு பல மடங்கு குறைவு. ஆகவே இது கையால் வைக்கக்கூடிய இடமே அல்ல என்பது என் கருத்து. கைடு வைத்தாலும் அதை நம்பிக் கண்ணை மூட முடியாது. 3.0 மி.மீ. இம்பிளாண்ட் கிடைத்தால் அதைப் பாருங்கள், பக்கத்துக்கு 1.75 ஆகும். உதட்டுப் பக்கம் 2 மி.மீ. எலும்பு நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்பல்லில் அரை மி.மீ. வெளியே தள்ளினால், இரண்டு வருடம் கழித்து ஈறு இறங்கும்போதுதான் தெரியும். அப்போது திருத்த வழி இருக்காது.

36இல் கணக்கு வேறு. 13 மி.மீ. உயரத்தில் 10 மி.மீ. இறக்கினால் 3 மி.மீ. இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பல நிறுவனங்களின் டிரில்களில் கூர்முனை குறியிட்ட ஆழத்தில் சேராது, 1 மி.மீ. வரை கூடுதலாகப் போகலாம். உங்கள் பெட்டியின் கையேட்டில் அதைத் தேடிப் பாருங்கள். அப்புறம் உண்மையில் இருப்பது 2 மி.மீ. போதும், ஆனால் அலட்சியமாக இருக்கும் அளவுக்குப் போதாது. நாக்குப் பக்க உள்வாங்கலும் முக்கியம். 10 மி.மீ. நீளத்தில் 5 பாகை சாய்ந்தால் முனை கிட்டத்தட்ட 0.9 மி.மீ. விலகும், 10 பாகை என்றால் 1.8. அந்தப் பக்கம் எலும்பைத் துளைத்தால் வாயின் அடியில் ரத்தம் கட்டி மூச்சுக்குழல் வரை பிரச்சினை வரலாம். சிபிசிடியில் குறுக்குவெட்டைத் திறந்து, இம்பிளாண்ட் முனை எங்கே முடிகிறதோ அங்கே அகலம் எவ்வளவு என்று அளந்தீர்களா? மேல் விளிம்பின் 7.5ஐ மட்டும் நம்ப வேண்டாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, அவருக்கு வாய் எவ்வளவு திறக்கும்? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. எலும்பிலிருந்து ஸ்லீவின் மேல் விளிம்பு வரை 9 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. இம்பிளாண்டுக்கு டிரில் 19 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். அதன் மேல் டிரிலைச் சுழற்றும் ஹேண்ட்பீஸின் தலை. இத்தனையும் எதிர்த்தாடைப் பல்லுக்குக் கீழே நுழைய வேண்டும். முன்பல்லில் மூன்று விரல் போனாலும், கடைவாயில் இடம் அதைவிட நிறையக் குறைவு. கைடை அச்சடித்த பிறகு நோயாளி நாற்காலியில் படுத்திருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. இப்போதே கூப்பிட்டு, நீளமான டிரிலை மாட்டி, ஓடவிடாமல், 36இன் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இனி என்னுடைய தவறு. கைடு தொடங்கிய இரண்டாம் வருடம். கீழ் வலது 46. ஸ்கேன் எடுத்து மூன்று வாரம் கழித்து அறுவை. நடுவில் அதே நோயாளிக்கு 45இல் ஒரு ஃபில்லிங் உடைந்து, நானே போட்டுவிட்டேன். கைடை வைத்தபோது மிக லேசாக ஆடியது. விரலால் அழுத்தினேன், நின்றுவிட்டது போல் இருந்தது. நின்றது என் விரலின் அழுத்தத்தில், பல்லின் மேல் அல்ல. பல்லோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் துளைகளும் அந்த கைடில் இல்லை. எல்லா டிரில்லும் முடித்து இம்பிளாண்டை இறக்கி, கைடை எடுத்தால் கழுத்து ஒரு மி.மீ.க்கு மேல் வெளியே நிற்கிறது, அச்சும் பின்னால் சாய்ந்திருக்கிறது. அன்றே கழற்றி, ஃபிளாப் திறந்து (ஈறை வெட்டி விலக்கி), கையால் திசையைத் திருத்தி, அகலமான ஒன்றை வைத்தேன். நோயாளி பொறுமையாக இருந்தார். கையால் வைக்கத் தெரிந்திருந்ததால்தான் அன்று மாலை என்னால் தலை நிமிர்ந்து அவரிடம் நடந்ததைச் சொல்ல முடிந்தது.

பதில் 2

நான் டாக்டர் இல்லை, லேபில் கைடு வடிவமைக்கிறேன். மேலே டாக்டர் சொன்ன ஃபில்லிங் கதையை நான் வேறு வேறு வடிவில் நிறையப் பார்த்திருக்கிறேன். லேபிலிருந்து தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

கைடில் பிழை பெரும்பாலும் அச்சடிக்கும்போது வருவதில்லை. சிபிசிடியையும் வாய் ஸ்கேனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது வருகிறது. வாயில் உலோக கிரவுன்கள் இருந்தால் சிபிசிடியில் வெள்ளைக் கோடுகளாகச் சிதறி, பல்லின் உருவமே தெரியாது. எதன் மேல் எதைப் பொருத்துவது? உலோகம் இல்லாத மூன்று பற்களாவது, தாடையில் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் எனக்கு நிம்மதி. இல்லாவிட்டால் குறிகள் வைத்த தட்டோடு சிபிசிடி எடுக்கச் சொல்லிக் கேட்பேன். சில டாக்டர்கள் கோபப்படுகிறார்கள். ஆனால் மென்பொருள் எதையாவது பொருத்திக் காட்டத்தான் செய்யும், திரையில் பார்க்க அழகாகவும் இருக்கும். தவறு வாயில்தான் தெரியும். இன்னொன்று, சிபிசிடி எடுக்கும்போது பற்களைக் கடிக்காமல், நடுவே பஞ்சு வைத்து விலக்கி எடுக்கச் சொல்லுங்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருந்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

உங்கள் 36க்கு முன்னும் பின்னும் பல் இருப்பது நல்ல விஷயம். கடைசிப் பல் இல்லாத இடத்தில் கைடு ஒரு முனையில் மட்டும் தாங்கி நிற்கும், டிரிலை அழுத்தினால் பின்பக்கம் அமுங்கும். ஆனால் 37 சாய்ந்திருக்கிறது என்கிறீர்கள். சாய்ந்த பல்லின் அடிப்பகுதியை நான் மென்பொருளில் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கைடு உள்ளேயே இறங்காது. வாய் திறப்பு குறைவு என்றால் பக்கவாட்டில் திறந்த ஸ்லீவ் போடலாம், டிரில் மேலிருந்து வராமல் கன்னப் பக்கத்திலிருந்து நுழையும். ஆனால் ஒரு பக்கச் சுவர் இல்லாததால் கட்டுப்பாடும் அந்தப் பக்கம் குறையும்.

22க்குக் குறைந்தது மூன்று இடத்தில் பார்க்கும் துளை கேளுங்கள், இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவில் ஒன்று. துளை வழியே பல்லின் விளிம்பு கைடோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கைடு அறுவைக்கு முந்தைய நாள் வந்தால் போதாது. ஒரு வாரம் முன்னால் வாங்கி வாயில் வைத்துப் பாருங்கள். ஆட்டோகிளேவில் போடுவதற்கு முன் எந்த ரெசின் என்று எங்களிடம் கேட்டுவிடுங்கள், சில ரெசின்கள் அந்தச் சூட்டில் வளையும்.

பதில் 3

முதுநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். முதல் பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு விஷயத்தில் மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைடு என்றாலே ஃபிளாப் திறக்காமல் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு முடிவுகள். உங்கள் 22இல் உதட்டுப் பக்கம் பள்ளம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஃபிளாப் திறக்காமல் டிரில் போட்டு, பள்ளத்தின் வழியே முனை வெளியே வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கைடையும் வையுங்கள், சின்ன ஃபிளாப்பும் திறங்கள். டிரில் இறங்கும்போது இடது கை ஆள்காட்டி விரல் உதட்டுப் பக்க எலும்பின் மேல் இருக்கட்டும். எலும்பு மெலிந்த இடத்தில் அதிர்வு விரலுக்கு வந்துவிடும்.

சூடு பற்றி யாரும் சொல்லவில்லை. முயல் எலும்பில் செய்த பழைய ஆய்வில், 1983இல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குச் சேதம் என்று காட்டினார்கள். கைடு வைத்தால் ஹேண்ட்பீஸிலிருந்து வரும் சலைன் ஸ்லீவின் மேலேயே பட்டுச் சிதறிவிடும், எலும்புக்கு ஒழுங்காகப் போகாது. குளிர்ந்த சலைனை சிரிஞ்சில் எடுத்து, உதவியாளர் கைடின் அடியில் பக்கவாட்டில் பீய்ச்ச வேண்டும். டிரிலை ஒரே அழுத்தாக அழுத்தாமல் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் எலும்புத் தூள் வெளியே வரவிடுங்கள். கீழ்த்தாடைக் கெட்டி எலும்பில் இது இன்னும் முக்கியம்.

36க்கு நான் ஃப்ரீஹேண்ட்தான் செய்வேன், ஆனால் வெறும் கண்மதிப்பில் அல்ல. வரப்போகும் கிரவுனை மெழுகில் செய்து, அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை உறிஞ்சிப் படிய வைத்து, நடுக்குழியில் ஒரு துளை போடுங்கள். நுழையும் இடத்தை அது சொல்லும். 2 மி.மீ. டிரிலை முழு ஆழத்துக்கும் விடாமல் 6 அல்லது 7 மி.மீ.யில் நிறுத்தி, திசை ஊசியை வைத்து ஆர்விஜி எடுங்கள். அந்த நேரத்தில் திசையைத் திருத்துவது சுலபம். 19ஆவது கேஸில் நீங்கள் எக்ஸ்ரேயை இம்பிளாண்ட் வைத்த பிறகு எடுத்தீர்கள். அந்த ஒரு படத்தை அரை மணி முன்னால் எடுத்திருந்தால் போதும். அன்று விடுபட்டது அது மட்டும்தான்.

டைனமிக் நேவிகேஷனும் இருக்கிறது. கேமரா டிரிலின் இடத்தைத் தொடர்ந்து பார்த்துத் திரையில் காட்டும், உயரமான கைடு வாயில் தேவையில்லை. ஆனால் கண் திரையிலும் கை வாயிலும் இருப்பதற்குப் பழக்கம் வேண்டும். இந்த இரண்டு கேஸுக்காக அதைத் தொடங்க வேண்டாம்.

கேட்டவரின் பதில், ஐந்து வாரம் கழித்து

மூவருக்கும் நன்றி. இரண்டும் முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் 36காரரைக் கூப்பிட்டு வாய் திறப்பு அளந்தேன். முன்பல்லில் 38 மி.மீ., நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். கடைவாயில் 26 மி.மீ. மட்டும். நீளமான டிரிலை மாட்டிப் பார்த்தால் தலை எதிர்ப்பல்லில் இடித்தது. அங்கேயே கைடு பேச்சு முடிந்தது. சிபிசிடியைத் திரும்பத் திறந்து 10 மி.மீ. ஆழத்தில் குறுக்கே அளந்தேன், 7 மி.மீ. இருந்தது, ஆனால் எலும்பின் அச்சே நாக்குப் பக்கமாக வளைந்திருந்தது. கையேட்டில் டிரிலின் கூர்முனை 0.8 மி.மீ. என்று போட்டிருந்தது. நான்கு வருடமாக அந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.

உறிஞ்சிய ஷீட்டை வைத்து இடத்தைக் குறித்து, ஃபிளாப் திறந்து, 6 மி.மீ.யில் நிறுத்திப் படம் எடுத்தேன். சாய்ந்த 37ஐப் பார்த்துக்கொண்டே இருந்ததால் கை அதற்கு இணையாகப் போயிருந்தது, மேலே முன்பக்கம் சாய்ந்து, முனை 37இன் வேரை நோக்கி. 15இல் செய்த அதே தவறு, வேறு காரணத்தால். இந்த முறை இரண்டே நிமிடத்தில் திருத்தினேன். அடுத்த படத்தில் நேராக இருந்தது. 10 மி.மீ. இறங்கியது, 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கத்தில் நின்றது. மறுநாள் போன் செய்து உதடு, தாடையில் மரப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

22க்கு 3.0 மி.மீ. இம்பிளாண்ட் வாங்கினேன். கைடை ஒரு வாரம் முன்பே வாயில் வைத்துப் பார்த்தேன். நடுத் துளையிலும் வலது துளையிலும் பல் ஒட்டியிருந்தது, இடது ஓரத்தில் மெல்லிய கோடு போல் ஒரு இடைவெளி. முன்பு என்றால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். படம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். திரும்ப ஸ்கேன் செய்ததில், 25இல் ஒரு பழைய ஃபில்லிங்கின் விளிம்பு உடைந்து போயிருந்தது தெரிந்தது. புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள், மூன்று துளையிலும் ஒட்டியது. சின்ன ஃபிளாப் திறந்து, விரலை வைத்துக்கொண்டே டிரில் செய்தேன். பள்ளத்தின் பக்கம் கடைசி இரண்டு மி.மீ.யில் அதிர்வு வந்தது. எலும்பு துளைக்கவில்லை, ஆனால் மெலிந்திருந்தது, அதனால் வெளிப்பக்கம் எலும்புத் துகள் வைத்து மெம்பரேன் (மெல்லிய சவ்வு) போட்டு மூடினேன்.

தையல் பிரித்தாகிவிட்டது, இருவருக்கும் ஈறு நன்றாக ஆறியிருக்கிறது. 36க்கு மூன்று மாதத்தில் படம் எடுப்பேன். 22க்கு எலும்புத் துகள் வைத்ததால் ஆறு மாதம் காத்திருக்கலாம் என்று இருக்கிறேன். லேபிலிருந்து எழுதியவருக்கு ஒரு கேள்வி: உடைந்த விளிம்பு இருக்கும் பல்லை கைடின் தாங்கும் பகுதியிலிருந்து முழுதாக விட்டுவிட்டு வடிவமைக்க முடியுமா, இல்லை முதலில் ஃபில்லிங்கைச் சரிசெய்துவிட்டு ஸ்கேன் எடுப்பதுதான் நல்லதா?

பதில் 2

விட்டுவிட்டு வடிவமைக்கலாம் டாக்டர், மீதி தாங்கும் பற்கள் குறைந்தது நான்கு இருந்தால். ஆனால் முதலில் ஃபில்லிங், அப்புறம் ஸ்கேன். ஸ்கேன் எடுத்த தேதிக்குப் பிறகு வாயில் எதைத் தொட்டாலும் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.